பூட்டு அவர்கள் கையில், பழி நம் தலையிலா?

கோவை அவினாசி சாலையில் உள்ள பெரிய பாங்க்கானாலும் சரி, அன்னூரிலோ காங்கேயத்திலோ இருக்கிற சின்னக் கிளையானாலும் சரி, உள்ளே நுழைந்ததும் சுவரில் ஓர் அறிவிப்பு கண்ணில் படுகிறது. ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர், வாடிக்கையாளரே எச்சரிக்கையாக இரும் என்பது அதன் சாரம். செல்போனிலும் இதே உபதேசம். வானொலியிலும் இதே உபதேசம்.

உபதேசம் தவறல்ல. சொல்லக்கூடாத எண்ணைச் சொல்லக்கூடாதுதான். ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். எச்சரிக்கையாக இருக்கவேண்டியவர் வாடிக்கையாளர் ஒருவர்தானா? நம் பெயர், நம் கணக்கு எண், நம் ஆதார் எண், நம் விரல் ரேகை, நம் வரவு செலவு, இத்தனையையும் வாங்கித் தம் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் வேண்டாமா? அந்தப் பெட்டி உடைந்து நம் பணம் போனால் பதில் சொல்லவேண்டியவர் யார்?

இது படித்தவர்களின் விவகாரம், பணக்காரர்களின் கவலை, நமக்கென்ன என்று மில் தொழிலாளியோ விவசாயத் தொழிலாளியோ நினைத்துவிடக் கூடாது. பல லட்சம் வைத்திருப்பவனுக்குப் பத்தாயிரம் போனால் ஒரு நாள் வருத்தம். அந்தப் பத்தாயிரமே மாத வருமானமாக உள்ளவனுக்கு அது போனால் அந்த மாதம் அடுப்பு எரியாது. வாடகை நிற்கும். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு நிற்கும். வட்டிக்காரன் வாசலுக்கு வருவான். ஆகவே இது கூலிப் பிரச்னை. கூலியைப் பாதுகாக்கும் பிரச்னை.

கூலி செல்போனுக்கு வந்த கதை

கூலியை நாணயமாகவோ நோட்டாகவோதான் கொடுக்கவேண்டும் என்று 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் சொன்னது. அது சும்மா வந்த ஷரத்தல்ல. கூலிக்குப் பதிலாகச் சரக்கையும் கடைச் சீட்டையும் தலையில் கட்டி ஏய்த்த முதலாளிகளின் வழக்கத்தை ஒழிப்பதற்காக உலகெங்கும் தொழிலாளர்கள் போராடிப் பெற்ற உரிமை அது. பிற்காலத்தில், தொழிலாளி எழுதிக் கொடுத்துச் சம்மதித்தால் பாங்க் மூலம் கொடுக்கலாம் என்று திருத்தம் வந்தது.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு மத்திய சர்க்கார் 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 100க்கு 86 பங்கு ஒரே இரவில் காகிதமாயிற்று. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சோமனூர், பல்லடம் விசைத்தறிக் கூடங்களிலும் வாரக் கூலிக்கு நோட்டு இல்லை. அந்தக் கஷ்டம் தீருவதற்கு முன்பே, 2016 டிசம்பர் 28ஆம் தேதி, ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. சம்பளத்தைப் பாங்க் கணக்கில் போட இனித் தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதம் தேவையில்லை என்பதுதான் அது. 2017இல் அது நிரந்தரச் சட்டமாயிற்று.

அதே 2016இல் தொடங்கிய யு.பி.ஐ. என்னும் செல்போன் பணமாற்று முறை, 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கும் அதிகமான பரிவர்த்தனைகளைச் செய்தது. டீக்கடை மேஜை முதல் உழவர் சந்தைக் கூடை வரை கியூ.ஆர். அட்டை வந்துவிட்டது.

நாம் இயந்திரத்தின் விரோதிகள் அல்ல. நூற்புக் கதிர்களைக் கண்டு பஞ்சாலைத் தொழிலாளி அஞ்சியதில்லை. அவற்றை ஓட்டுபவனே அவன்தான். சம்பளம் நேராகக் கணக்குக்கு வந்தால், சம்பள நாளில் கையை நீட்டும் மேஸ்திரிக்குப் பங்கு கொடுக்கவேண்டியதில்லை. திருப்பூரில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒடிசாத் தோழர் நொடியில் தன் தாய்க்குப் பணம் அனுப்புகிறார். இவையெல்லாம் நல்லவை. நாம் கேட்பது ஒன்றுதான். இந்த வழியில்தான் கூலி வாங்கவேண்டும் என்று நம்மைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள், அந்த வழியில் காவல் போட்டார்களா?

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பணம் மட்டும்தான் அந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எண்ணவேண்டாம். சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, எத்தனை ரூபாய் வருகிறது, எந்த மளிகைக் கடையில் வாங்குகிறோம், எந்த மருந்துக் கடையில் எவ்வளவு செலவு, எந்த வட்டிக்காரனுக்கு எவ்வளவு கட்டுகிறோம், எல்லாம் அதில் பதிவாகிறது. எந்தச் சங்கத்துக்குச் சந்தா அனுப்புகிறோம், எந்த வேலைநிறுத்த நிதிக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தோம் என்பதும் பதிவாகிறது.

யோசித்துப் பாருங்கள். முன்பெல்லாம் சங்கத்தில் யார் யார் சேர்ந்தார்கள் என்று அறிய மில் நிர்வாகம் வாசலில் ஆள் வைக்கவேண்டும், கூட்டத்துக்கு ஒற்றனை அனுப்பவேண்டும். இன்று அந்த விவரம் ஒரு கம்பெனியின் ஏட்டில் தேதி வாரியாக எழுதப்பட்டு இருக்கிறது. ஏடு வெளியே போனால்? கறுப்புப் பட்டியல் தயாரிக்க வேறென்ன வேண்டும்?

சம்பள நாள் தெரிந்த திருடன் அன்றைக்கே போன் செய்கிறான். பெயரைச் சொல்கிறான், பாங்க்கைச் சொல்கிறான், கார்டின் கடைசி நான்கு எண்ணைச் சொல்கிறான். "பாங்க்கிலிருந்து பேசறமுங்க, உங்க கணக்கு நின்னு போகுமுங்க" என்கிறான். இத்தனை சரியாகச் சொல்கிறவன் பாங்க்காரனாகத்தான் இருப்பான் என்று நம்பி நம் தங்கை எண்ணைச் சொல்லிவிடுகிறாள். பணம் போகிறது. பாங்க்குக்கு ஓடினால் முதல் கேள்வி என்ன? "ஏம்மா சொன்னீங்க?"

அவள் பெயரும் போன் எண்ணும் கார்டு எண்ணும் அந்தத் திருடனுக்கு எப்படிக் கிடைத்தன என்று ஏன் கேட்பதில்லை? அவள் சொன்னது கடைசி ஆறு எண். அதற்கு முந்தையதையெல்லாம் சொன்னது யார்?

மெஷினில் கை போனால் யார் பொறுப்பு?

இந்த வழக்கு நமக்குப் புதிதல்ல. 1888இல் கோவையில் ஸ்டேன்ஸ் மில் எழுந்ததிலிருந்து மில் தொழில் இந்த மண்ணில் வளர்ந்தது. அந்தக் காலத்து மில்களில் ஓடுகிற பெல்ட்டுக்கு மறைப்புக் கிடையாது. பல்சக்கரத்துக்கு மூடி கிடையாது. வேட்டி முனை சிக்கும், கை போகும், சில வேளை உயிரே போகும். முதலாளி என்ன சொல்வான்? "ஆள் கவனக்குறைவாக இருந்தான்." அதோடு கதை முடிந்தது. கை இழந்தவனுக்கு வேலையும் போயிற்று.

தொழிலாளி வர்க்கம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. இந்தியாவில் மட்டுமல்ல, உலகம் முழுவதும் ஏற்கவில்லை. இயந்திரத்தை வைத்து லாபம் சம்பாதிப்பவன் எவனோ அவனே அதன் ஆபத்துக்கும் பொறுப்பு என்று போராடினோம். 1923இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. வேலையில் விபத்து என்றால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, தவறு யாருடையது என்று தேடாமலே நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்ற கொள்கையை அது ஏற்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தான இயந்திர பாகங்களுக்கு வேலி போடவேண்டியது மில் நடத்துபவனின் கடமை என்று 21ஆவது பிரிவில் எழுதி வைத்தது.

பாங்க்கின் பெரிய கணிப்பொறியும் செல்போன் செயலியும் இன்றைய இயந்திரங்கள். அவற்றில் நம் கூலி ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் லாபம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் வேலி போடவேண்டியவர் யார்? வேலி இல்லாததால் கை போனால் நஷ்டஈடு கொடுக்கவேண்டியவர் யார்? 1923இல் ஒப்புக்கொண்ட நியாயத்தை இன்று மறுப்பது ஏன்?

வேலி உடைந்த இடங்கள்

"எங்கள் பூட்டு பலமானது, வாடிக்கையாளர்தான் அஜாக்கிரதை" என்று பாங்க்காரர்கள் சொல்வது உண்மையா? நடந்ததைப் பார்ப்போம்.

2016ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இந்தியாவின் பல பாங்க்குகளைச் சேர்ந்த சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரம் களவு போயிற்று. ஏ.டி.எம். பணிகளைப் பாங்க்குகளுக்காக நடத்திவந்த ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் என்ற கம்பெனியின் கணிப்பொறி அமைப்பில் நாசகார நிரல் புகுந்திருந்தது. ஸ்டேட் பாங்க் மட்டும் சுமார் 6 லட்சம் கார்டுகளை முடக்கி மாற்றிக் கொடுக்கவேண்டி வந்தது. களவு நடந்தது கோடையில். ஜனங்களுக்குத் தெரிந்தது அக்டோபரில். அந்த 32 லட்சம் பேரில் யார் யாரிடம் ரகசிய எண்ணைச் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. ஏ.டி.எம்.மில் கார்டைச் செருகியதுதான் அவர்கள் செய்த குற்றம்!

2018 ஆகஸ்டில் புனே நகரத்தின் காஸ்மாஸ் கூட்டுறவு பாங்க்கில் சுமார் 94 கோடி ரூபாய் பறிபோயிற்று. வாடிக்கையாளர் கார்டுகளைப் போலவே போலிக் கார்டுகள் செய்து 28 நாடுகளில் பணம் எடுத்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் நம் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் பாங்க்கின் வெளிநாட்டுப் பணமாற்று அமைப்பில் புகுந்து சுமார் 20 லட்சம் டாலரை வெளியே அனுப்ப முயன்றார்கள். பாங்க்கின் சொந்தப் பெட்டியே இந்த லட்சணத்தில் இருக்கும்போது, பத்தாம் வகுப்பு தாண்டாத விசைத்தறித் தொழிலாளியைப் பார்த்து "உனக்கு எச்சரிக்கை போதாது" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

வெளியிலிருந்து வரும் திருடன் ஒரு வகை. உள்ளேயே நடக்கும் மோசடி இன்னொரு வகை. 2017இல் ஏர்டெல் நிறுவனம், சிம் கார்டுக்கு ஆதார் சரிபார்க்க வந்தவர்களின் பெயரில், அவர்களுக்கு விளங்கும்படி சொல்லாமலே தன் பேமென்ட்ஸ் பாங்க்கில் கணக்குத் திறந்தது. லட்சக்கணக்கானவர்களின் சமையல் எரிவாயு மானியம் பழைய கணக்கை விட்டு அந்தப் புதிய கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டில் மானியம் வரவில்லையே என்று தவித்தார்கள். 2017 டிசம்பரில் ஆதார் ஆணையம் அதன் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்தி வைத்தது. 2018 மார்ச்சில் ரிசர்வ் பாங்க் 5 கோடி ரூபாய் அபராதம் போட்டது. விரலை ஒரு காரியத்துக்கு வைத்தோம், அவர்கள் வேறொரு காரியத்துக்கு உபயோகித்தார்கள்.

வெற்றுத்தாளில் கைநாட்டு

விவசாயத் தொழிலாளிக்கு இது நன்றாக விளங்கும். பண்ணையத்துக்குச் சேர்ந்தபோது, கல்யாணத்துக்குக் கடன் வாங்கியபோது, வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். மேலே என்ன எழுதினார்கள் என்று அவனுக்குத் தெரியாது. நூறு ரூபாய் ஆயிரமாயிற்று. தகப்பன் வைத்த கைநாட்டுக்கு மகன் உழைத்தான்.

இன்று கிராமத்தில் கையடக்க மெஷினோடு ஒருவர் வருகிறார். முதியோர் பென்ஷனும் நூறு நாள் வேலைக் கூலியும் எடுக்க ஆதார் எண்ணைச் சொல்லி விரலை வைத்தால் போதும். ரகசிய எண் கிடையாது. விரல் ரேகையே சாவி. நடக்கமுடியாத கிழவிக்கு வாசலில் பணம் கிடைப்பது நல்லதுதான். ஆனால் "மெஷின் எடுக்கலீங்க ஆத்தா, இன்னொருக்கா வைங்க" என்று இரண்டு முறை விரலை வாங்கினால், இரண்டு முறை பணம் எடுக்கவும் வழி இருக்கிறது. ரசீது கொடுக்காவிட்டால் ஆத்தாவுக்கு எப்படித் தெரியும்? காடு மேட்டில் உழைத்துத் தேய்ந்த விரல். மெஷின் எடுக்காததும் அவளுக்கு வழக்கம்தான். இது கைநாட்டேதான். தாளுக்குப் பதில் மெஷின் வந்திருக்கிறது.

ரகசிய எண் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரல் ரேகை களவு போனால் எந்த விரலை மாற்றுவது? இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2018இல் தெலங்கானாவில், சர்க்காரின் நிலப்பதிவுத் தளத்தில் கிடந்த பத்திரங்களிலிருந்து விரல் ரேகைகளை எடுத்து அச்சு செய்து போலி சிம் கார்டுகள் தயாரித்த ஆள் பிடிபட்டான். 2023இல் கர்நாடகத்தில் இதே போல் பத்திர ரேகைகளைக் கொண்டு ஜனங்களின் பாங்க் கணக்கிலிருந்தே பணம் எடுத்த புகார்கள் குவிந்தன. காட்டையோ வீட்டையோ பதிவு செய்ய விரல் வைத்தவனுக்கு, அந்த ரேகையே தன் கணக்கைத் திறக்கும் என்று யார் சொன்னார்கள்? ரேகையைப் பொதுவில் போட்டுவைத்தது யார் அஜாக்கிரதை?

இந்த மெஷினை வைத்துப் பணம் கொடுக்கிறவர் யார், எவர் என்று பாங்க்குகள் முறையாக விசாரித்துக் கண்காணிக்கவேண்டும் என்ற திட்டவட்டமான கட்டளையை ரிசர்வ் பாங்க் 2025 ஜூனில்தான் பிறப்பித்தது. அது அமுலுக்கு வந்த நாள் 2026 ஜனவரி 1. இந்த முறை நாட்டில் வந்து பத்தாண்டுக்கு மேல் ஆனபிறகு! முதலில் கிழவியின் விரலை வாங்கினார்கள். பிறகுதான் மெஷின்காரனின் விலாசத்தை விசாரிக்க நினைத்தார்கள்.

சட்டம் யாருக்குச் சாதகம்?

அந்தரங்கம் ஒவ்வொரு பிரஜைக்கும் உள்ள அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆறு ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டில், டிஜிட்டல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கம்பெனிகள் செய்யவேண்டிய முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம்!

சட்டத்தில் பெரிய தொகை இருக்கிறது. விவரங்களைப் பாதுகாக்கத் தவறிய கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். கேட்கக் காதுக்கு இனிக்கிறது. அந்தப் பணம் எங்கே போகும்? மத்திய சர்க்காரின் கஜானாவுக்குப் போகும் என்று சட்டமே சொல்கிறது. பணம் பறிகொடுத்தவனுக்கு அதில் ஒரு பைசா உண்டா? கிடையாது. அது மட்டுமல்ல. விவரங்களை அலட்சியமாக வைத்திருந்து ஒருவருக்கு நஷ்டம் விளைவித்த கம்பெனி அவருக்கு நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்ற பிரிவு இருந்தது. அந்தப் பிரிவையே நீக்கிவிட புதிய சட்டத்தில் ஷரத்து வைத்தார்கள்.

மெஷினில் கை போனவனுக்கு நஷ்டஈடு இல்லை, ஆனால் முதலாளி சர்க்காருக்கு அபராதம் கட்டுவான் என்று 1923இல் சட்டம் எழுதியிருந்தால் நாம் ஏற்றிருப்போமா? இன்று அதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இன்னும் கேளுங்கள். பொய்ப் புகார் என்றோ அற்பப் புகார் என்றோ கருதினால் புகார் கொடுத்த பிரஜைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இச்சட்டத்தில் இடம் உண்டு. வேலை சம்பந்தப்பட்ட காரியங்களுக்காகத் தொழிலாளியின் விவரங்களை அவர் சம்மதம் கேளாமலே உபயோகிக்க முதலாளிக்கு ஷரத்து உண்டு. சர்க்கார் விரும்பினால் தன் இலாகாக்களுக்கு விதிவிலக்கு அளித்துக்கொள்ளவும் வழி உண்டு. இது யாருக்கு வேலி? யாருக்கு வாசல்?

அதே நேரத்தில் சர்க்காருக்கும் ரிசர்வ் பாங்க்குக்கும் சக்தி இல்லை என்றும் சொல்லமுடியாது. இந்தியரின் பணப்பட்டுவாடா விவரங்கள் இந்தியாவிலேயே வைக்கப்படவேண்டும் என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் பாங்க் உத்தரவிட்டது. அமெரிக்கக் கம்பெனிகள் முரண்டு பிடித்தன. 2021 ஜூலையில் மாஸ்டர்கார்டு கம்பெனி புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கவே கூடாது என்று தடை போட்டார்கள். கம்பெனி பணிந்து, 2022 ஜூனில்தான் தடை நீங்கியது. நினைத்தால் கடிவாளம் போட முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

ஆனால் நினைக்கிறார்களா? யு.பி.ஐ. பரிவர்த்தனைகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அமெரிக்காவின் வால்மார்ட்டுக்குச் சொந்தமான போன்பே, அமெரிக்காவின் கூகுள் பே என்ற இரண்டே செயலிகள் வழியாக ஓடிவந்திருக்கிறது. எந்தச் செயலியும் 100க்கு 30 பங்குக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2020 நவம்பரில் விதி வகுத்தார்கள். அதை அமுல் செய்யும் கெடுவை முதலில் 2022 முடிவுக்கும், பிறகு 2024 முடிவுக்கும், மறுபடி 2026 முடிவுக்கும் தள்ளினார்கள். மில் தொழிலாளி பஸ்ஸைத் தவறவிட்டு ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் அரை நாள் சம்பளம் போகிறது. ஏகபோகக் கம்பெனிக்குக் கெடு மேல் கெடு!

"அவனே எண்ணைச் சொன்னால் பாங்க் என்ன செய்யும்?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நம் தோழர்களிலும் உண்டு. பதில் சொல்வோம்.

திருடனுக்குப் போன பணம் ஆகாயத்துக்குப் போவதில்லை. அது இன்னொரு பாங்க்கில் இன்னொரு கணக்குக்குப் போகிறது. அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்ததும் பாங்க்தான். மாதம் பத்தாயிரம் புழங்கும் கணக்கில் ஒரே நாளில் பல லட்சம் வந்து அதே மணியில் வெளியேறினால் பாங்க்கின் கணிப்பொறிக்குக் கண் இல்லையா? நாம் கடன் தவணை ஒரு நாள் தவறினால் உடனே கண்டுபிடிக்கும் அதே கணிப்பொறிதானே?

இதைப் புரிந்துகொண்டதால்தான் முதலாளித்துவ நாடான பிரிட்டனிலேயே 2024 அக்டோபர் 7 முதல் ஒரு விதி அமுலுக்கு வந்தது. ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை பாங்க் திருப்பிக் கொடுக்கவேண்டும். பணம் அனுப்பிய பாங்க்கும் திருடன் கணக்கு வைத்திருந்த பாங்க்கும் அதைப் பாதிப்பாதி ஏற்கவேண்டும். மிகக் கடுமையான அலட்சியம் என்றால் மட்டும் மறுக்கலாம். அதையும் பாங்க்தான் நிரூபிக்கவேண்டும். லண்டனில் செய்ய முடிவது கோவையில் ஏன் முடியாது?

மத்திய உள்துறை 2025 ஜூலையில் பார்லிமெண்டில் கொடுத்த கணக்குப்படி, 2024இல் இத்தகைய மோசடிகளில் ஜனங்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டில் 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு! எச்சரிக்கை உபதேசம் இத்தனை ஆண்டு செய்தும் நஷ்டம் மூன்று மடங்கானால், உபதேசம் மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இங்கே நம் தோழர்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. "உன் பாங்க் கணக்கைக் கொடு, மாதம் இரண்டாயிரம் தருகிறேன்" என்று யாராவது வந்தால் விரட்டுங்கள். கார்டையும் பாஸ்புக்கையும் சிம்மையும் வாடகைக்குக் கொடுத்தால், இன்னொரு தொழிலாளியின் கூலி களவு போக நம் கணக்கே சாக்குப்பையாகிறது. கடைசியில் போலீஸ் பிடிப்பது சாக்குப்பையைத்தான். திருடன் எங்கோ இருப்பான். அதேபோல் மில் விடுதியிலோ கம்பெனியிலோ உங்கள் ஏ.டி.எம். கார்டை வார்டனோ கான்டிராக்டரோ "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று கேட்டால் கொடுக்கவேண்டாம். கார்டு உங்கள் கூலி. அதைப் பத்திரமாக வைக்க உங்களுக்குத் தெரியும்.

உடனே செய்யவேண்டியது

பணம் போனது தெரிந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் திருடன் கையில் சேருமுன் வழியிலேயே நிறுத்த முடிவது முதல் சில மணி நேரத்தில்தான். வெட்கப்பட்டு வீட்டில் உட்காராதீர்கள். ஏமாந்தவன் குற்றவாளி அல்ல; ஏமாற்றியவன்தான் குற்றவாளி.

அடுத்து, பாங்க்கில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரையோ எண்ணோ வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது. 2017 ஜூலையில் ரிசர்வ் பாங்க் வகுத்த விதியின் அடிப்படை இதுதான்: பாங்க்கின் தவறால் பணம் போனால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் ஏதும் கிடையாது. பாங்க்கும் வாடிக்கையாளரும் அல்லாத மூன்றாவது இடத்தில் ஓட்டை என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் அப்போதும் நஷ்டம் கிடையாது. வாடிக்கையாளர் தாமே எண்ணைச் சொல்லியிருந்தாலும், புகார் கொடுத்தபிறகு போகும் பணம் பாங்க்கின் நஷ்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு பாங்க்கைச் சேர்ந்தது. "ஏம்மா சொன்னீங்க?" என்று கேட்பவரிடம் இந்த விதியைக் காட்டுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் பாங்க்கின் ஆம்பட்ஸ்மனிடம் செலவில்லாமல் முறையிடலாம்.

விரல் ரேகையால் பணம் எடுப்பவர்கள் ரசீது இல்லாமல் இடத்தை விட்டு நகரவேண்டாம். ஆதாரில் விரல் ரேகையைப் பூட்டி வைக்கவும், வேண்டியபோது திறக்கவும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் இதைத் தனித்தனியாகச் செய்ய எல்லோராலும் முடியாது. ஆகவே ஒவ்வொரு மில் சங்கமும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும் விவரம் தெரிந்த இரண்டு இளந்தோழர்களை இந்த வேலைக்கு நியமிக்கவேண்டும். சம்பள நாளன்று மாலை சங்க ஆபீசில் அவர்கள் உட்காரட்டும். மனு எழுதிக் கொடுக்கட்டும். பாங்க்குக்குக் கூடவே போகட்டும். தனியாகப் போகிற ஆத்தாவை விரட்டுகிற மானேஜர், சங்கக் கொடியோடு இருபது பேர் போனால் நாற்காலி போடுவார்.

நாம் கேட்பது என்ன?

விவரம் களவு போனால் அபராதம் கஜானாவுக்கு மட்டும் போகக் கூடாது. நஷ்டப்பட்டவருக்கு நஷ்டஈடு சட்டத்திலேயே வேண்டும். 43ஏ பிரிவில் இருந்த உரிமையைத் திரும்பக் கொடு! சம்பளக் கணக்கிலும் பென்ஷன் கணக்கிலும் மோசடி நடந்தால் முதலில் பணத்தைத் திருப்பிப் போடு, பிறகு விசாரணை நடத்து! களவு நடந்தால் அதை மாதக்கணக்கில் மறைக்காமல் ஜனங்களுக்கு உடனே சொல்! பாங்க்கின் எச்சரிக்கைச் செய்தியைத் தமிழிலும், வெளிமாநிலத் தோழர்களுக்கு இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் அனுப்பு! தொழிலாளியின் பணப்பட்டுவாடா விவரங்களை முதலாளி கையில் கொடுக்காதே! செலவு மிச்சம் என்று கிளைகளையும் ஆட்களையும் குறைக்காதே! கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால்தான் கிழவியின் குறை காதில் விழும்.

இவை அதிகமான கோரிக்கைகளா? எட்டு மணி வேலை கேட்டபோதும் அதிகம் என்றார்கள். பெல்ட்டுக்கு மறைப்பு கேட்டபோதும் அதிகம் என்றார்கள். 1946 ஜனவரி 8ஆம் தேதி தூக்குமேடை ஏறிய சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரும் ரங்கவிலாஸ் மில்லின் தொழிலாளர்கள். அந்த நால்வரையும் பெற்ற இந்தக் கோவைத் தொழிலாளி வர்க்கத்துக்கு எந்த உரிமையும் யாரும் தானமாகக் கொடுத்ததில்லை. ஒற்றுமையால் பெற்றோம்.

கூலியை உயர்த்தப் போராடுகிறோம். உயர்த்திய கூலி நம் வீடு வந்து சேரவும் போராடுவோம். மில் வாசலில் இதைப் பேசுங்கள். களத்து மேட்டில் இதைப் பேசுங்கள். பாங்க்கின் சுவரில் இருக்கும் அறிவிப்புக்குக் கீழே நம் அறிவிப்பையும் எழுதுவோம்:

"பாங்க்காரரே, நீரும் எச்சரிக்கையாக இரும்! பூட்டு உம் கையில். பொறுப்பும் உம் தலையில்!"